ஆறு இலட்சம் ஆமைகளுக்கு என்ன ஆபத்து?



தை மாதத்து விடியற்காலையில் காரைக்கால் கடற்கரையில் நடந்திருக்கிறீர்களா? அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலிருந்து மீனவர் குப்பங்களை நோக்கி நடந்தால், சில நாட்களில் மணலில் ஒரு விந்தையான தடத்தைக் காணலாம். சிறு டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து, திரும்பவும் கடலுக்கே போனது போலத் தோன்றும். இரவில் முட்டையிட வந்த பங்குனி ஆமையின் தடம் அது. வேறு சில நாட்களில் தடம் இராது. கண்கள் வீங்கிய நிலையில் அந்த ஆமையே இறந்து ஒதுங்கிக் கிடக்கும்.

அப்படியொரு காலையில் என்னுடன் வந்த மாணவன் ஒருவன், மீனவர் குடும்பத்துப் பிள்ளை, ஒரு கேள்வி கேட்டான்:

"சார், ஒடிசாவில ஒரே கரையில ஆறு லட்சம் ஆமை ஏறிச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். அதைப் போய் ஆபத்தில இருக்கிற இனம்னு சொல்றீங்க. எங்கப்பா வலையில ஒண்ணு மாட்டினா, வலை போனாலும் பரவாயில்ல, ஆமையை விடுன்னு சொல்றீங்க. கணக்கு ஒத்து வரலையே?"

அவன் படித்த செய்தி உண்மைதான். 2025-இல் ஒடிசாவின் ருசிகுல்யா கரையில் மட்டும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கிட்டார்கள். நானோ இயற்பியல் ஆசிரியன். அன்று எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

சிவப்புப் பட்டியல்

உலகில் எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று மதிப்பிடும் பணியைச் செய்வது இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம். 1948-இல் தோன்றிய இந்த அமைப்பு 1964 முதல் 'சிவப்புப் பட்டியல்' என்னும் பதிவேட்டை நடத்தி வருகிறது. தொடக்கத்தில் அறிஞர்கள் தம் அனுபவத்தைக் கொண்டே "இது ஆபத்தில் உள்ளது" என்று தீர்ப்பளித்தார்கள். ஒருவருக்கு ஆபத்தாகத் தோன்றியது மற்றொருவருக்குத் தோன்றாமல் போகலாம் அல்லவா? வெப்பமானி கண்டுபிடிக்கப்படும் முன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தது போன்ற நிலை அது.

இங்கிலாந்து நாட்டு அறிவியலறிஞர் ஜார்ஜினா மேஸ், அமெரிக்கரான ரசல் லாண்டே ஆகிய இருவரும் 1991-இல் எண்களால் ஆன அளவுகோல் ஒன்றை முன்வைத்தார்கள். அதை வளர்த்தெடுத்து 1994-இல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. 2001-இல் திருத்தப்பட்ட வடிவமே இன்று நடைமுறையில் உள்ளது. 2025-ஆம் ஆண்டு முடிய 1,72,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இவ்வாறு மதிப்பிடப்பட்டு, அவற்றுள் 48,000-க்கும் மேற்பட்டவை ஆபத்திலுள்ளவை எனக் கண்டறியப்பட்டுள்ளன.

ஆபத்துக்கு மூன்று படிகள் உண்டு. கடுமையானது 'அழிவின் விளிம்பு'. அடுத்தது 'அழியும் அபாயம்'. மூன்றாவது 'ஊறுபடத்தக்க நிலை'. இவற்றுக்கு வெளியே 'கவலை குறைந்தவை' என்ற வகையும், 'தகவல் போதாதவை' என்ற வகையும் உள்ளன. தகவல் போதாது என்றால் ஆபத்தில்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. சோதனைக்கே வராத நோயாளியை நலமாக இருக்கிறார் என்று சொல்லலாமா?

ஐந்து சோதனைகள்

ஓர் இனத்தை ஐந்து கேள்விகளால் சோதிக்கிறார்கள்.

1. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது?
2. வாழும் நிலப்பரப்பு மிகவும் சுருங்கிச் சிதறிவிட்டதா?
3. எண்ணிக்கை சிறியதாக இருந்து, மேலும் குறைந்துகொண்டே வருகிறதா?
4. குறையாவிட்டாலும், இருப்பதே மிகக் கொஞ்சந்தானா?
5. கணித முறையில் கணக்கிட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் அழிந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு?

ஐந்திலும் சிக்க வேண்டியதில்லை. ஏதேனும் ஒன்றில் சிக்கினாலே போதும். பலவற்றில் சிக்கினால், எது கடுமையான படியைக் காட்டுகிறதோ அதுவே முடிவு.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை எடுத்துக்கொள்வோம். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் விலங்கு இது. 2024-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில் 1,031 ஆடுகளே இருந்தன. இது 'அழியும் அபாயம்' என்ற படியில் உள்ளது. காரணம் எளிதில் விளங்குகிறது: எண்ணிக்கை சிறியது. ஆனால் இலட்சக்கணக்கில் இருக்கும் ஆமை? அதற்கு முதல் கேள்வியைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையா, வேகமா?

பேருந்து ஒன்று பள்ளத்தை நோக்கிப் போகிறது. பள்ளம் இன்னும் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் ஆபத்து புரியுமா? வேகமும் தெரிந்தாக வேண்டும். எண்ணிக்கை என்பது தூரம். குறையும் வீதம் என்பது வேகம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரமான சான்று உண்டு. வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு 1980-களில் இந்தியாவில் எங்கும் நிறைந்திருந்தது. அது அழியக்கூடும் என்று அன்று யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் அது மிஞ்சியது. கதிரியக்கப் பாடத்தில் 'அரை ஆயுள்' படித்திருப்பீர்கள். ஆயிரம் ஒன்றாகக் குறைய ஏறத்தாழ பத்து அரை ஆயுள்கள் வேண்டும். அவை பதினைந்தே ஆண்டுகளில் முடிந்துவிட்டன. அதாவது, சராசரியாக ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை கழுகுகள் பாதியாயின! மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம் என்பது 2004-இல்தான் தெரியவந்தது. 2006-இல் அம்மருந்தை மாடுகளுக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டது.

இப்போது ஆமைக்கு வருவோம். குறையும் வீதத்தைப் பத்து ஆண்டுகளுக்கு அல்லது மூன்று தலைமுறைகளுக்கு, இவற்றுள் எது நீண்டதோ அதற்குக் கணக்கிட வேண்டும் என்பது விதி. குறைவதற்கான காரணம் இன்னும் நீங்காத இனத்தில் அக்காலத்துக்குள் 30 சதவீதம் குறைந்தால் ஊறுபடத்தக்க நிலை. 50 சதவீதம் குறைந்தால் அழியும் அபாயம். 80 சதவீதம் குறைந்தால் அழிவின் விளிம்பு. பங்குனி ஆமை 2008-இல் ஊறுபடத்தக்க நிலையில் வைக்கப்பட்டது. இது உலகம் முழுவதற்குமான கணக்கு. மெக்சிகோ நாட்டின் பசிபிக் கரையில் 1960-களில் தோலுக்காக இவ்வாமைகள் பெருமளவில் கொல்லப்பட்டு, சில கரைகளில் கூட்டமாக வருவதே நின்றுபோனது. அங்கே முழுத் தடை வந்தது 1990-இல்தான். ஒடிசாவின் ஆறு இலட்சம் அந்த இழப்பை ஈடுகட்டிவிடவில்லை.

ஆமையின் ஒரு தலைமுறை சுமார் 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், மூன்று தலைமுறை 60 ஆண்டுகள். 60 ஆண்டுகளில் 30 சதவீதம் குறைய, ஆண்டுக்கு எவ்வளவு குறைய வேண்டும்? மடக்கை அட்டவணையை எடுத்துப் பாருங்கள். விடை 0.6 சதவீதம்! இந்த ஆண்டு ஆயிரம் ஆமைகள் வந்தால், அடுத்த ஆண்டு 994. எந்தக் கண்ணுக்கும் இது தெரியாது. போதாக்குறைக்கு, ஓர் ஆண்டு நிறைய வருவதும் மறு ஆண்டு குறைவதும் கடலாமைகளின் இயல்பு. அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மெல்லிய சரிவு ஒளிந்துகொள்கிறது. "எங்க தாத்தா காலத்திலேயும் வந்துச்சு, இப்பவும் வருது" என்று என் மாணவன் சொன்னதில் பொய்யில்லை. கண்ணால் பார்ப்பது அளவீடு ஆகாது, அவ்வளவுதான்.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

பல்லாண்டுகள் எண்ணினால்தான் சரிவு புலப்படும். ஆனால் எண்ணுவது எளிதன்று. ஆண் ஆமை கரைக்கே வருவதில்லை. பெண் ஆமையோ ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடலாம். ஆகவே நூறு கூடுகள் என்றால் நூறு ஆமைகள் என்று பொருளில்லை. ஒரு கூட்டில் நூறு முட்டைகளுக்கு மேல் இருந்தாலும், குஞ்சுகளில் பெரும்பாலானவை வளர்ந்து ஆளாவதில்லை. எனவே சிவப்புப் பட்டியல், இனப்பெருக்கம் செய்யும் வயதுவந்த உயிர்களையே கணக்கில் எடுக்கிறது. வலையில் மாட்டி மூச்சுத் திணறி இறப்பவையும் பெரும்பாலும் இந்த வயதுவந்த ஆமைகளே. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு, செவுள் கிடையாது. நீருக்கு மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். 2025 சனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியவை இத்தகையவையே. கடலில் இறப்பவை எல்லாம் கரைக்கு வருவதுமில்லை.

இந்தப் பணியில் மாணவர்களுக்கும் பங்குண்டு. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் பருவந்தோறும் இரவில் நடந்து, கூடுகளைக் கண்டுபிடித்துக் காத்துக் கணக்கெழுதி வருகிறது.

பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

பட்டியலில் ஏறியது ஏறியபடியே இருக்க வேண்டும் என்பதில்லை. 2025 அக்டோபரில் பேராமை, 'அழியும் அபாயம்' என்ற படியிலிருந்து 'கவலை குறைந்தவை' என்ற வகைக்கு மாற்றப்பட்டது. பல நாடுகளில் பல பத்தாண்டுகள் கரைகளைக் காத்ததன் பலன் இது. பாதுகாப்பை நிறுத்திவிட்டால் கணக்கும் பழையபடி திரும்பிவிடும்.

உலகக் கணக்கு உள்ளூர்க் கணக்கு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். நமக்குத் தெற்கே கோடியக்கரையில் உள்ள வெளிமான் உலக அளவில் 'கவலை குறைந்தவை' வகையில் இருக்கிறது. ஆனால் அங்குள்ள கூட்டம் மற்ற வெளிமான்களிடமிருந்து பிரிந்து தனித்து வாழ்வது. ஒரு கொள்ளை நோயோ பெரும்புயலோ வந்தால், இழப்பை ஈடுகட்ட வெளியிலிருந்து மான் வராது.

கடைசியாக, என் மாணவனின் தந்தைக்கு வருவோம். அறுபட்ட வலைக்குப் பட்டியல் விலை கொடுப்பதில்லை. எந்த இனத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று மட்டுமே அது சொல்கிறது. அந்த ஆபத்தைத் தடுக்கும் செலவு யாருடையது என்று சொல்வதில்லை. ஆமை வெளியேறும் வழியுள்ள இழுவை மடியும், பருவத்தில் ஆமைகள் கூடும் இடத்தை விட்டு விலகி மீன்பிடிப்பதும் இழப்பைக் குறைக்கும். ஆனால் அதன் பாரம் முழுவதையும் ஒரு படகுக்காரர் தோளில் ஏற்றுவது நியாயமாகாது. அவன் கேள்வியில் பாதிக்கு அறிவியல் விடை சொல்லிவிட்டது. மறுபாதிக்கு அரசும், மீன் வாங்கி உண்ணும் நாமும் விடை சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: கடற்கரைக்கு அருகில் வாழ்பவர்கள், மார்கழி முதல் பங்குனி வரை வாரம் ஒரு காலை, பெரியவர் ஒருவருடன் ஒரே இரண்டு கிலோமீட்டர் தூரத்தை நடந்து பாருங்கள். தேதி, தடங்கள், இறந்த ஆமைகள் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். ஒன்றும் காணாத நாளில் 'பூஜ்யம்' என்று எழுத மறவாதீர்கள். அதுவும் ஓர் அளவீடே. கூட்டையோ முட்டையையோ தொடாதீர்கள்; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கூட்டைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

என்னுடன் வந்த மாணவன் அப்படியொரு நோட்டைத் தொடங்கிவிட்டான். முதல் பக்கத்தில் மூன்று பூஜ்யங்கள், ஒரு தடம்.