வண்டியோடு செல்லும் மின்சாரம்



பிற மாநிலத்தில் பணிபுரியும் தமிழ்க் குடும்பத்தில் கோடை விடுமுறை நெருங்கியதும் முதலில் எழும் பேச்சு, ஊருக்கு எவ்வாறு போவது என்பதே. ஐதராபாத்தின் மேற்குப் புறமாகிய கச்சிபௌலியில் வாழ்வோருக்குச் சாலைவழி ஒன்று நேராகவே அமைந்திருக்கிறது. வெளிவட்டச் சாலையில் ஏறி, சம்சாபாத் அருகே தெற்கு நோக்கித் திரும்பினால், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கர்நூல், அனந்தபூர், பெங்களூர் ஆகிய ஊர்களைக் கடந்து ஓசூரில் தமிழ்நாட்டினுள் புகுகிறது. பின்னர் சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி வரை சென்று முடிகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட இவ்வழியில், படுக்கையும் அடுப்பும் கொண்ட வண்டியையே வீடாக்கிக்கொண்டு செல்லும் முறையும் இன்று உண்டு. அவ்வண்டியைக் கேரவன் என வழங்குகிறோம். நம் நாட்டில் அது பெரும்பாலும் வேன் அல்லது பேருந்தின் அடிச்சட்டத்தின் மீது கட்டப்படுவது. மேலை நாடுகளிலோ, காரின் பின்னே கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் டிரெயிலர் வகையே மிகுதி.

எவ்வகையாயினும், வீடு என்றால் விளக்கு வேண்டும், விசிறி வேண்டும். தக்காணத்துக் கோடையில் குளிர்சாதனமும் வேண்டும் என்று தோன்றும். நெடுஞ்சாலை ஓரத்தில் மின்கம்பத்தை எதிர்பார்த்து நிற்க இயலாது. ஆகவே வண்டியோடு ஒரு சிறு ஜெனரேட்டரையும் ஏற்றிச் செல்கிறார்கள். இதனை எங்கே வைப்பது, எவ்வாறு பிணைப்பது, எப்பொழுது இயக்குவது என்பனவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சிறிய பொருள்தான், ஆயினும் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றுவது நமக்குப் புதிய செயலன்று. திருவிழாக் காலங்களில் சுவாமி சப்பரத்தின் பின்னே தடதடவென்று முழங்கிக்கொண்டு வரும் ஜெனரேட்டர் வண்டியை அறியாத தமிழர் இலர். ஐதராபாத்தில் விநாயகர் ஊர்வலங்களின்போது டிராக்டர் இழுக்கும் தட்டிலும் அதனைக் காணலாம். இந்தப் பழக்கத்தினாலேயே, 'எங்கேனும் ஓர் ஓரத்தில் வைத்துக் கட்டிவிட்டால் போதும்' என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. ஊர்வல வண்டி திறந்த தெருவில் ஆள் நடக்கும் வேகத்தில் செல்வது. அதன்மேல் எவரும் படுத்து உறங்குவதில்லை. பயண வண்டியோ நெடுஞ்சாலையில் விரைந்து ஓடுவது. இரவில் அதன் கதவுகளைச் சாத்திக்கொண்டு குழந்தைகளும் முதியோரும் உறங்குவது. ஆகையால் அங்கே பொருந்தும் வழக்கம் இங்கே பொருந்தாது.

முதலில் பாரத்தைப் பற்றிக் கூறுவோம். மாட்டுவண்டி ஓட்டிய தலைமுறையினருக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் நன்கு தெரியும். மூட்டைகள் முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தாலோ நுகத்தடி மேலெழும்பி மாட்டின் தொண்டையை இறுக்கும்; வண்டியும் கட்டுக்கடங்காமல் ஆடும். ஆகையால் சிறிதளவு முன்பாரம் இருக்குமாறு மூட்டைகளை நகர்த்திச் சமன் செய்வார்கள். காரின் பின்னே செல்லும் டிரெயிலருக்கும் இதே விதிதான். நுகத்தடி இருந்த இடத்தில் இப்போது கொக்கி இருக்கிறது, அவ்வளவே. டிரெயிலரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் பொது விதி. அது மிகக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெயிலர் வால்போல இருபுறமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவோம். 800 கிலோ எடையுள்ள டிரெயிலர் ஒன்றில், கொக்கிக்கும் சக்கர அச்சுக்கும் இடையே 3.5 மீட்டர் தூரம். கொக்கியின்மேல் 80 கிலோ பாரம் என்று கொள்வோம். ஜெனரேட்டர், அதன் எரிபொருள், அதனைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவை சேர்ந்து 50 கிலோ. அதனைப் பின்புறத்தில், அச்சிலிருந்து 2.1 மீட்டர் தள்ளி மாட்டினால், 50-ஐ 2.1-ஆல் பெருக்கி 3.5-ஆல் வகுக்கக் கிடைக்கும் 30 கிலோ, கொக்கியின் பாரத்திலிருந்து கழிந்துபோகும். மிஞ்சுவது 50 கிலோ. மொத்த எடையோ இப்போது 850 கிலோ. பத்து விழுக்காடாக இருந்த கொக்கிப் பாரம் ஆறுக்கும் கீழே இறங்கிவிட்டது! அதே ஜெனரேட்டரை முன்புறத்தில், கொக்கியிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் அமைத்தால், கொக்கியின் பாரம் ஏறத்தாழ 43 கிலோ கூடி 123 கிலோ ஆகும். இது பதினான்கரை விழுக்காடு, வரம்புக்குள் அடங்கியதே. எனினும் அந்த 123 கிலோவைக் காரின் கொக்கி தாங்குமா என்பதைக் கார்க் கையேட்டில் பார்த்த பின்னரே அவ்வாறு செய்தல் வேண்டும். தாங்காதெனில், தண்ணீர்த் தொட்டி போன்ற பிற சுமைகளை அச்சின் பக்கமாக நகர்த்திச் சரிசெய்யலாம்.

பின்புறத்தில் மாட்டுவதில் மற்றொரு குறையும் உண்டு. வேகத்தடையிலோ பள்ளத்திலோ சக்கரம் ஏறி இறங்கும்போது, அச்சிலிருந்து தூரத்தில் உள்ள பகுதியே மிகுதியாகக் குதிக்கிறது. பின்புற பம்பர் பெரும்பாலும் மெல்லிய குழாயினால் ஆனது. நாள்தோறும் குதிக்கும் சுமையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. அதன் பற்றவைப்பு இணைப்புகளில் முதலில் மயிரிழை போன்ற வெடிப்பு காணும்; பிறகு ஒருநாள் சுமையோடு சாலையில் கழன்று விழும். பின்னே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கதி என்னவாகும் என்பதை நாம் கூற வேண்டுவதில்லை.

அடுத்தது, பிணைப்பு. ஜெனரேட்டரின் அடியில் நான்கு ரப்பர்க் கால்கள் இருப்பதைக் காணலாம். இயங்கும்போது எழும் அதிர்வைத் தாங்குவதற்காக அமைந்தவை அவை. ஓடும் வண்டியில் அதனைப் பிடித்து வைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது, ஏற்றிய பொருள் தன் எடைக்கு ஏறக்குறையச் சமமான விசையோடு முன்னோக்கிப் பாயும். ஆகவே கயிற்றுக் கட்டு போதாது. வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புத் தட்டு, நான்கு புறமும் தடுக்கும் விளிம்பு, மேலிருந்து அழுத்தும் பட்டை ஆகிய மூன்றும் வேண்டும். முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறையும், பின்னர் ஒவ்வொரு நாள் காலையிலும் போல்ட்டுகளை முடுக்கிப் பார்ப்பது நலம். ஓடும்போது எரிபொருள் குழாயின் திருகை மூடி வைக்க வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கி நின்று சிறு பொறியையும் பற்றிக்கொள்ளும். ஆகையால் பெட்ரோல் டப்பாவை மக்கள் இருக்கும் அறையினுள் வைத்தல் ஆகாது. இயந்திரத்தை நிறுத்தி, அது நன்கு ஆறிய பின்னரே பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

சுழலும் பகுதிகளைக் குறித்தும் ஒரு சொல் கூறுவது கடமையாகிறது. 2023 ஜனவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்து விச்சந்தாங்கல் கிராமத்தில் கோயில் ஊர்வலம் ஒன்று நடைபெற்றது. சுவாமி சென்ற வண்டியில் விளக்குகளுக்காக ஜெனரேட்டர் வைக்கப்பட்டிருந்தது. அதன் அருகே அமர்ந்திருந்த 13 வயதுச் சிறுமியின் கூந்தல் இயந்திரத்தில் சிக்கி, அவள் உயிரிழந்தாள். சுழலும் உறுப்பு எதுவாயினும் அதற்குக் கம்பி வலை மூடி வேண்டும். இயங்கும் இயந்திரத்தின் அருகே சிறுவரை அமர்த்துதல் கூடாது. கூந்தலும் தாவணியும் துண்டும் சிக்குவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

இனி, எல்லாவற்றிலும் கொடிய அபாயத்திற்கு வருவோம். அதற்கு முன் மொழியைப் பற்றிச் சில சொற்கள். அலுவலகக் கோப்புகளையும் கையேடுகளையும் தமிழாக்கும் எம்போன்றோர்க்கு, ஜெனரேட்டர் என்னும் சொல் தொல்லை தருவதன்று. மின்னாக்கி என்று எழுதிவிடலாம். தொல்லை தருவது, இத்தகைய கையேடுகளில் காணும் மிக எளிய கட்டளை ஒன்று: வெளியில் வைத்து மட்டுமே இயக்குக என்பது. வெளி என்றால் யாது? வண்டியின் தளத்துக்கு அடியில் உள்ள பெட்டி வெளியா? பின்புறச் சுவரை ஒட்டிய தட்டு வெளியா? உள்ளே படுத்திருப்பவருக்கு அவை வெளிதான். புகைக்கோ அவை வெளி அல்ல. உள்ளே நுழைவதற்கான வாயிற்படியே ஆகும்.

இது கற்பனையன்று. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே, சாலையோரமாக நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றினுள் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்கள் அவ்வண்டியின் ஜெனரேட்டரை இயக்கிப் பரிசோதித்தனர். அதிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு வாயு, வண்டியின் தளத்தில் இருந்த ஒரு துளையின் வழியாக உள்ளே புகுந்ததே காரணம் எனக் கண்டறிந்தனர். தீப்பற்றவில்லை, வண்டி மோதவில்லை, கதவைச் சாத்தி இளைப்பாறிய இருவர் எழுந்திருக்கவில்லை.

எரிபொருள் முற்றிலும் எரியாதபோது பிறப்பது இவ்வாயு. இதற்கு நிறமில்லை, மணமில்லை. எடையிலும் காற்றை ஒத்ததாகையால் கீழே தங்காமல் எங்கும் கலந்து பரவும். நம் குருதியில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலோடு இவ்வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் மூச்சு நடக்கும். உயிர்க்காற்றோ உடலுக்குச் சென்று சேராது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், சோர்வு, உறக்கம். நாள் முழுதும் பயணம் செய்தவர் இவற்றைப் பயணக் களைப்பென்றே எண்ணிப் படுத்துவிடுவார். இதிலேதான் இவ்வாயுவின் வஞ்சகம் இருக்கிறது.

ஆகவே ஜெனரேட்டரை ஏற்றிச் செல்லும் இடம் வேறு, இயக்கும் இடம் வேறு என்று கொள்வதே முறை. ஏற்றிச் செல்வது வண்டியில், இயக்குவது தரையில். வண்டி நின்றதும் கீழே இறக்கி, நீண்ட கேபிள் கொண்டு, தொலைவில் வைத்து இயக்க வேண்டும். அமெரிக்க நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் குறைந்தது 20 அடித் தொலைவு கூறுகிறது. புகைக்குழாய் வண்டிக்கும் பிறர் வண்டிகளுக்கும் எதிர்ப்புறம் நோக்கியிருக்க வேண்டும். ஓடும் வண்டியில் இயக்குவதும் தவறே. விரைந்து செல்லும் வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைவதால், பின்புறத்துப் புகை சன்னல் வழியே உள்ளிழுக்கப்படும். தளத்தில் கம்பிக்கும் குழாய்க்குமாக இட்ட துளைகளை அடைப்பதும், இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவியைப் படுக்கையருகே வைப்பதும் இரண்டாவது காவல். முதற்காவல் தொலைவே.

அப்படியானால் இரவு முழுவதும் மின்சாரத்துக்கு என் செய்வது? 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் 1,200 வாட்-மணி ஆற்றல் அடங்கும். பாட்டரி கெடாதிருக்க அதில் பாதியை மட்டும் எடுத்தாலும் 600 கிடைக்கும். 25 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 200; 10 வாட் விளக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் 40; நான்கு கைபேசிகளுக்குச் சுமார் 60. ஆக 300-தான். பகலிலே ஜெனரேட்டரினாலோ சூரியத் தகட்டினாலோ பாட்டரியை நிரப்பிக்கொண்டால், இரவில் ஜெனரேட்டர் உறங்கட்டும். நாமும் அச்சமின்றி உறங்கலாம். இக்கணக்கில் அடங்காதது குளிர்சாதனம் ஒன்றே. ஒரு டன் குளிர்சாதனம் மணிக்கு ஏறத்தாழ 1,000 வாட்-மணி கேட்கும். அது இன்றியமையாதது எனில், அன்றிரவு மின்னிணைப்புள்ள தங்குமிடத்தில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை. கன்னியாகுமரி வரை செல்லும் வழியில் ஊர்களுக்குக் குறைவில்லை.

வண்டியை வாடகைக்கு எடுக்கும் அன்பர்கள், படுக்கையின் மென்மையைப் பார்ப்பதற்கு முன், குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கவும். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? அதன் புகை எப்பக்கம் போகிறது? தளத்தில் துளை உண்டா? இம்மூன்று வினாக்களுக்கும் உரிமையாளரிடம் தெளிவான விடை பெறவும். அடியிலோ பின்புறத்திலோ நிலையாகப் பொருத்திய ஜெனரேட்டராயின், எவரும் உள்ளே படுத்திருக்கையில் அதனை இயக்குவதில்லை என்று ஓட்டுநரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளவும். வண்டியினுள் இருப்போரில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், தைலத்தைத் தேடாமல் முதலில் கதவைத் திறக்கவும். அனைவரையும் வெளியே அழைத்துவந்து நிறுத்தி, 108-க்குத் தொலைபேசியில் தெரிவிக்கவும்.