தறியோசைக்கு நடுவே மழலை

எடப்பாடியிலும் அதைச் சுற்றியுள்ள கொங்கணாபுரம், ஜலகண்டாபுரம், தாரமங்கலம் முதலிய ஊர்களிலும், தெற்கே குமாரபாளையம், பள்ளிபாளையம் வரையிலும், விசைத்தறி என்பது தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் அடங்கிக் கிடக்கும் யந்திரம் அன்று. அது பல குடும்பங்களோடு அவர்கள் வீட்டிலேயே வாசம் செய்கிறது. முன்கட்டில் இரண்டு தறியோ நான்கு தறியோ ஓட, பின்கட்டில் அடுப்பு எரிய, இடையிலுள்ள கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் தாயின் கைக்கு எட்டும் தூரத்தில் குழந்தையின் தொட்டில் தொங்கும் வீடுகள் இப்பிரதேசத்தில் அநேகம். நாடா நிமிஷத்துக்கு 100 தடவைக்கு மேல் இடமும் வலமுமாக அடிபட்டு ஓடும் அந்தச் சப்தத்துக்கு நடுவே பெரியவர்கள் பேசிக்கொள்ளும் முறையே தனியானது. காதருகே வாய் வைத்துக் கத்துவார்கள். பாதி விஷயத்தைக் கைஜாடையாலும் தலையசைப்பாலும் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். இத்தகைய வீட்டில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்தும் பேச்சு வரவில்லையென்றால், அதற்குக் காரணம் குழந்தையின் காதா, மூளையின் வளர்ச்சியா, சுற்றுப்புறத்து இரைச்சலா, அல்லது அதன் சுபாவமே அதுதானா என்று பிரித்தறிவது வேறு இடங்களில் உள்ளதைவிடச் சிரமமான காரியம்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சமாதானம் எல்லோருக்கும் தெரிந்ததே. “அவங்கப்பனே மூணு வயசுலதான் கண்ணு பேசுனான். ஆம்பளப் புள்ளைக்கு நாக்கு மெதுவாத்தான் திரும்பும், பொறு” என்பாள் பாட்டி. அதற்குப் பக்கபலமாகப் புராதனமான உதாரணம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை வாய் திறவாமல் இருந்தார் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூர்ச் சந்நிதிக்குக் கொண்டுபோய் விரதமிருக்க, முருகன் அருளால் வாக்குப் பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் சரித்திரம் வழங்குகிறது. அந்தக் கதையில் நம் தாய்மார்கள் காணும் ஆறுதலை நான் மதிக்கிறேன். ஆயினும் அக்கதையில் வரும் பெற்றோர், ‘தானே சரியாகிவிடும்’ என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. அக்காலத்தில் தங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த பரிகாரத்தைத் தேடிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ‘பொறு’ என்று சொல்பவர்கள் கதையின் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

பாட்டி சொல்வதிலும் உண்மை இல்லாமலில்லை. இரண்டு வயதுக் குழந்தைகளில் 100க்கு 10 முதல் 15 பேர் பேச்சில் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிக்குச் செல்லும் பருவத்துக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பதும் வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட விஷயங்கள். ஆனால் எட்டிப் பிடிக்கப்போகும் குழந்தை எது, பிடிக்க இயலாத குழந்தை எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆண் குழந்தைகள் சற்றுத் தாமதிப்பது மெய்யே எனினும், அந்த வித்தியாசம் ஓரிரு மாதங்களுக்கு மேற்படுவதில்லை. வருஷக்கணக்கான மௌனத்துக்கு அதை விளக்கமாகக் கொள்ள இடமில்லை.

பேச்சு வாயில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே காதில் தோன்றிவிடுகிறது. கருவிலிருக்கும் சிசு, பிரசவத்துக்கு மூன்று மாதங்கள் இருக்கும்போதே ஒலிகளைக் கேட்கத் தொடங்குகிறது. பிறந்த சில தினங்களுக்குள் அன்னியப் பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலையே நாடுகிறது என்பதை 1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் பரிசோதனை வாயிலாக மெய்ப்பித்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் ‘ஊ’, ‘ஆ’ என்ற இன்னொலிகளும், ஆறு ஏழு மாதத்தில் ‘பாபா’, ‘மாமா’ என அசையை அடுக்கும் மழலையும், ஏறத்தாழ ஒரு வயதில் பொருளறிந்து சொல்லும் முதற் சொல்லும், இரண்டு வயதையொட்டி ‘பால் வேணும்’, ‘அப்பா போச்சு’ என இரு சொற்களைக் கோத்துப் பேசும் ஆற்றலும் வருகின்றன. குழந்தைக்குக் குழந்தை இதில் வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இன்மை, இரண்டு வயதில் இரு சொல் சேராமை, எந்த வயதிலாயினும் வந்த பேச்சு மறைந்துபோதல் ஆகிய இவை தோன்றினால், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது தவறு.

முதலில் சந்தேகிக்க வேண்டியது காதைத்தான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. பிறவியிலேயே செவிப்புலன் குன்றிய குழந்தையும் ஆரம்பத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே ஒலியெழுப்புகிறது, சிரிக்கிறது, முகம் பார்க்கிறது. ஆறாம் மாதத்துக்குமேல் அசையடுக்கிப் பேச வேண்டிய கட்டத்தில்தான் அதன் குரல் மெல்லப் பின்தங்குகிறது; கேட்டால்தானே திருப்பிச் சொல்வதற்கு? அந்தப் பின்னடைவைத் தறிவீட்டில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஏனெனில், எல்லோரும் ஜாடையால் பேசும் வீட்டில் ஜாடையைப் புரிந்துகொள்ளும் குழந்தை கெட்டிக்காரக் குழந்தையாகவே தோன்றும். தரையின் அதிர்வை உணர்ந்து அது திரும்பினால், சப்தம் கேட்டுத் திரும்பியதாக நாம் எண்ணிக்கொள்வோம். தட்டைத் தரையில் போட்டுப் பார்ப்பதும், முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பதும் நிச்சயமான சோதனைகள் ஆகமாட்டா. பலத்த ஓசைக்குத் திடுக்கிடும் குழந்தைக்குப் பேச்சிலுள்ள ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெல்லிய ஒலிகள் கேளாமல் இருக்கக்கூடும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு, சில மாதம் கேட்டும் சில மாதம் கேளாமலும் இருக்கும் குழந்தைகளும் உண்டு.

இதற்கு நிச்சயமான பரிசோதனை, குழந்தை தூங்கும்போதே சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. உட்செவி ஒரு சப்தத்தைக் கேட்டவுடன் தானும் மிக மெல்லிய எதிரொலி ஒன்றை வெளியிடுகிறது என்பதை 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் கண்டறிந்தார். காதில் சிறு குழாய் செருகி அந்த எதிரொலியை அளப்பதே இன்று ஓ.ஏ.ஈ. எனப்படும் முதற் சோதனை. அதில் ஐயம் எழுந்தால், நெற்றியிலும் காதுக்குப் பின்னும் சிறு வில்லைகளை ஒட்டி, செவி நரம்பு வழியே மூளைத் தண்டுக்குச் செய்தி செல்கிறதா என்று பார்க்கும் பெரா சோதனை செய்கிறார்கள். முதல் மாதத்தில் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் நிர்ணயம், ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் முழுவதும் பின்பற்றப்படும் கணக்கு. ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் வெகுவாக முன்னேறியிருந்ததை 1998-இல் கொலராடோவிலிருந்து வெளியான ஆராய்ச்சி புலப்படுத்திற்று.

இவ்விடத்தில், நம் பிரதேசத்தில் பேசுவதற்குச் சங்கடமான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அக்காள் மகளையோ அத்தை மகளையோ மணந்துகொள்வது இங்கே பரம்பரையான முறை. சொத்தும் சொந்தமும் சிதறாமலிருக்கப் பெரியவர்கள் கண்ட ஏற்பாடு. ஆனால் செவிட்டுத்தன்மைக்குக் காரணமான சில மரபணுக் குறைகள், தாயும் தந்தையும் தங்களுக்கு எவ்விதக் குறையும் இல்லாமலே சுமந்துவருபவை. இருவரும் அதே குறையைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தையை அது பாதிக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரத்த சம்பந்தமுள்ளவர்களிடையே அவ்வாறு ஒத்துப்போவது அதிகம். யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அத்தகைய குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குச் செவிப் பரிசோதனையைத் தாமதிக்கலாகாது என்பதற்காகவே சொல்கிறேன். கர்ப்பிணியைத் தாக்கும் ருபெல்லாக் காய்ச்சல், குறைமாதப் பிரசவம், பிறந்தவுடன் வரும் கடுமையான காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் காதைக் கெடுக்கக்கூடியவை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் பள்ளிகளில் தட்டம்மை, ருபெல்லாத் தடுப்பூசி போடப்பட்டபோது எழுந்த வதந்திகளையும் பயத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். பல சிசுக்களின் செவியைக் காக்கும் ஊசி அது.

குறை உறுதியானால் வழி இல்லாமற் போய்விடவில்லை. காதொலிக் கருவி பலருக்குப் போதும். அது போதாத குழந்தைகளுக்கு உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு, ஏழைக் குடும்பங்களும் பெறலாம். ஆனால் கருவி பொருத்தினவுடன் குழந்தை பேசிவிடாது. கேட்கப் பழக்கும் பயிற்சி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். அதில் தாயின் பங்கு ஆசிரியையின் பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று. 1969-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பால வித்யாலயா பள்ளி, செவித்திறன் குன்றிய சிறு குழந்தைகளைப் பேசப் பழக்குவதையே தன் பணியாகக் கொண்டு இத்தனை ஆண்டுகளாக நடந்துவருவது தமிழர்கள் பெருமைப்படத்தக்கது.

காது நன்றாயிருந்தால், அடுத்தபடி வீட்டின் இரைச்சலைப் பார்க்க வேண்டும். சாதாரண சம்பாஷணை 60 டெசிபெல் அளவுடையது; தறிப் பட்டறையின் ஓசை 90-ஐத் தாண்டும். இந்த 30 டெசிபெல் வித்தியாசம், சப்தத்தின் ஆற்றலில் ஆயிரம் மடங்கு. பெரியவர்கள் பாதிச் சொல் காதில் விழுந்தாலும் மீதியை ஊகித்துக்கொள்வார்கள். மொழியே தெரியாத சிசு எதைக் கொண்டு ஊகிக்கும்? நியூயார்க் நகரில் உயர்ந்த பாலத்தில் ரயிலோடும் பாதையை அடுத்திருந்த ஒரு பள்ளியில், ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975-இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற மனோதத்துவ அறிஞர் எடுத்துக்காட்டினார். பின்னர் தண்டவாளத்தின் அதிர்வையும் அறைகளின் எதிரொலியையும் குறைத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் பேசக் கற்றுவிட்ட பிள்ளைகள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு நாம் இன்னும் எவ்வளவு கவலைப்பட வேண்டும்!

தறியை நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாயெழவில்லை. அதுவே அவர்களுடைய ஜீவனம். ஆனால் தொட்டிலைப் பட்டறைச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டலாம், இடைக்கதவைச் சாத்தி வைக்கலாம். பாவு பிணைக்கும்போதும், கரண்டு நின்ற வேளையிலும், குளிப்பாட்டும்போதும், சோறூட்டும்போதும் குழந்தையின் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசலாம். ‘தண்ணி ஊத்தலாமா? அய்யோ, சுடுதா?’ என்று கேட்டுவிட்டு, அது ‘ங்கா’ என்றோ காலை உதைத்தோ பதில் தரும்வரை காத்திருப்பதில்தான் மொழி பிறக்கிறது. பேச்சைக் கொட்டுவது மட்டும் போதாது, குழந்தை பதில் தர இடம் விடவும் வேண்டும்.

அந்த இடத்தைச் செல்போன் தராது. சோறு ஊட்டுவதற்கும், தறி வேலை தடைப்படாமல் இருப்பதற்கும் குழந்தையின் கையில் அதைக் கொடுத்துவிடும் நிர்ப்பந்தத்தை நான் அறிவேன். ஆயினும் பட்ரீஷியா கூல் என்ற அறிஞர் 2003-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒன்பது மாதத்து அமெரிக்கக் குழந்தைகள் நேரில் விளையாடிய சீன மொழியாளர்களிடமிருந்து சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆட்களைத் திரையில் பார்த்த குழந்தைகளோ ஒன்றும் கற்கவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் அறிவித்தது.

பேச்சைப் போலவே குழந்தையின் விரலையும் கவனிக்க வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் நிலவைக் காட்டி விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தை ஒரு வயதுக்குப் பின் வைத்தார்கள். அந்தப் பிராயத்தில்தான் குழந்தை தான் கண்ட நாயையோ விளக்கையோ சுட்டிக்காட்டி, ‘நீயும் பார்’ என்பதுபோல் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. பேச்சு தாமதித்தாலும் சுட்டிக்காட்டுவதும், சொன்னதைப் புரிந்துகொள்வதும், முகம் பார்த்துச் சிரிப்பதும் செவ்வனே இருந்தால் நம்பிக்கைக்கு மிகுந்த இடமுண்டு. அவையும் இல்லாமல், கண்ணோடு கண் பாராமல், ஒரே பொருளைச் சுழற்றிக்கொண்டே இருக்குமாயின் ஆட்டிசம் என்னும் நிலையா என்று வைத்தியர் சீக்கிரம் பார்க்க வேண்டியது அவசியம்.

சேலம் வட்டாரத்து நெசவுக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழும் பேசப்படுகிறது. வடநாட்டிலிருந்து தறியோட்ட வந்தவர்களின் குழந்தைகள் இந்தியும் தமிழும் சேர்ந்தே கேட்கிறார்கள். இரண்டு மொழியால் பேச்சு தடைப்படும் என்ற அபிப்பிராயம் ஆதாரமற்றது. தாய்க்குச் சரளமாக வரும் பாஷையிலேயே அவள் பேசட்டும். நாக்கின் அடிச்சதையை வெட்டினால் பேச்சு வரும் என்பதும் அவ்வாறே ஆதாரமற்றது: அச்சதை சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம், பேச்சையே தடுப்பதில்லை. வசம்பை உரைத்து நாவில் தடவுவதைச் செவிச் சோதனைக்குப் பதிலாகக் கொள்ளவேண்டாம்; தேனை ஒரு வயது நிறையும்வரை கொடுக்கவே கூடாது.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு பால்வாடிக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். கேட்புத் திறனும் பேச்சுத் தாமதமும் அக்குழு கவனிக்க வேண்டியவற்றில் சேர்ந்தவை. ஐயமுள்ள குழந்தைகளை அவர்கள் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே குழந்தை வைத்தியர், செவிப் பரிசோதகர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் உதவி ஒரே இடத்தில், கட்டணமின்றிக் கிடைப்பதற்கே அம்மையங்கள் ஏற்பட்டன. குழு வரும் நாளில் தார் சுற்றும் அவசரத்தில் குழந்தையைப் பால்வாடிக்கு அனுப்பாமல் இருந்துவிடுவதுதான் வருத்தம். தவறிவிட்டாலும் புதன்கிழமைத் தடுப்பூசி இருக்கிறது. ஒன்பதாம் மாதத்து ஊசி, குழந்தை அசையடுக்கிப் பேசவேண்டிய காலத்திலும், பதினாறாம் மாதத்துக்குமேல் போடும் ஊசி, முதற் சொற்கள் வந்திருக்கவேண்டிய காலத்திலும் வருகின்றன. அவ்விரண்டு நாட்களிலும் குழந்தையின் அழுகை ஓய்ந்தபின், “சிஸ்டர், இவனுக்குக் காது சோதனை பண்ண எங்கே போகணும்?” என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வரலாம்.