உங்களுக்குத் தெரியுமா? லைசென்ஸ் கேட்காத கடற்பாலம்!

கலிஃபோர்னியாவில் 16 வயதைத் தொட்டவர்கள் மீன் பிடிக்க லைசென்ஸ் வாங்க வேண்டும். பொதுக் கடற்பாலத்தில் நின்று தூண்டில் போட்டால் மட்டும் அது தேவையில்லை! ஆளுக்கு இரண்டு தூண்டில் வரை போடலாம். மீனின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வரம்பு அங்கேயும் உண்டு.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் என்றால், 1909இல் திறக்கப்பட்ட சாண்டா மோனிகா பாலம் நல்ல இடம். ராட்டினக் கூட்டத்தைத் தாண்டிக் கடைசி முனைக்குப் போய்விடுவது உத்தமம். ஆழமான அந்தத் தண்ணீரில் கானாங்கெளுத்தி மாட்டும். தூண்களில் சிப்பி அப்பியிருக்கும் இடமாகப் பார்த்துத் தூண்டிலை நேர்கீழே இறக்கினால், அங்கே மேய வரும் சர்ஃப் பெர்ச் கடிக்கும்.

பிடித்ததையெல்லாம் குழம்பு வைத்துவிடக் கூடாது. அந்தக் கரையோரத்தில் பிடிபடும் ஒயிட் குரோக்கர் மீனைச் சாப்பிடவே வேண்டாம் என்கிறது மாநில அரசு. கடலடி மண்ணில் படிந்த டிடிடி, பிசிபி நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்திருக்கிறது.