காட்டிக் கொடுக்கும் இரும்புத் தூள்

தைக்கிற ஊசி தரையில் விழுந்து காணாமல் போனால் என்ன செய்வோம்? ஒரு காந்தத் துண்டை வைத்துத் துழாவுவோம், இல்லையா? ஏறக்குறைய இதே வித்தையைப் புற்றுநோய் டாக்டர்களும் கையாளுகிறார்கள் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

என் சித்திக்கு 1998-ல் மார்பகத்தில் கட்டி. ஆபரேஷனில் அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் மொத்தமாக எடுத்து விட்டார்கள். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க அப்போது பெரும்பாலும் அதுதான் வழக்கம். பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் அந்தக் கை வீங்கினது வீங்கினதுதான். வளையல் ஏறாது, குடம் தூக்க முடியாது. "பரவலைன்னா எதுக்குடி எல்லாத்தையும் எடுத்தாங்க?" என்பாள் சித்தி.

நியாயமான கேள்விதானே! மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேருகிற ஒன்றிரண்டு முடிச்சுகளைக் காவல் முடிச்சு என்று சொல்லலாம். புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் தங்குமிடம் அதுதான். அதை மட்டும் எடுத்துச் சோதித்து, நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டு விடலாம்.

அதைக் கண்டுபிடிக்க நீலச் சாயமும் கதிரியக்க மருந்தும் ஏற்கெனவே உண்டு. இப்போது இரும்பு ஆக்ஸைடு நானோ துகளும் வந்திருக்கிறது. தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது! ஊசி வழியாக மார்பகத்தில் செலுத்தினால், நிணநீரோடு ஓடிக் காவல் முடிச்சில் தங்கும். காந்தக் கருவியை அக்குளில் வைத்தால் இடம் தெரிந்துவிடும். அமெரிக்காவில் 2018-ல் இதற்கு அரசு அனுமதி கிடைத்தது.

இதே இனத் துகள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் உதவுகிறது. நல்ல முடிச்சிலுள்ள செல்கள் துகளை விழுங்குவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். புற்று குடியேறிய இடத்தில் விழுங்க ஆளில்லை, வெளுப்பாகவே நிற்கும். 2003-ல் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 80 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. நோயுள்ள முடிச்சுகளில் சாதா எம்.ஆர்.ஐ. காட்டியது சுமார் 35 சதவீதம்; துகளோடு எடுத்தது சுமார் 90 சதவீதம்!

குறையும் உண்டு. தோலில் பழுப்புக் கறை சில காலம் நிற்கலாம். பிறகு எடுக்கும் மார்பக எம்.ஆர்.ஐ. படம் தெளிவில்லாமல் போகலாம். ஆகவே துகள் போட்டதை டாக்டரிடம் சொல்லி வையுங்கள். முடிச்சில் புற்று உண்டா என்று உறுதி சொல்வது மைக்ராஸ்கோப் சோதனைதான்.

மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டால், வலியில்லையே என்று நாள் கடத்தாதீர்கள். ஆபரேஷன் என்று முடிவானால், "காவல் முடிச்சை மட்டும் எடுத்துப் பார்க்க முடியுமா, டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது நம் உரிமை!