தொகை குறைந்தது, கோபம் கூடியது

ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோயில் மதில் 1801இல் கோட்டைச் சுவராகவும் இருந்தது. பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கோயிலையே அரணாகப் பயன்படுத்தினார்கள். அதற்கும் முன்னால், இங்கிருந்த கிழக்கிந்தியக் கும்பினியின் நெற்களஞ்சியத்தைக் கட்டபொம்மனின் தானாதிபதி பிள்ளை கொள்ளையிட்டதாகக் கதைப்பாடலும் ஊர்ப்பேச்சும் சொல்கின்றன. கதை இருக்கட்டும். கட்டபொம்மனுக்கும் கும்பினிக்கும் நடந்த சண்டைக்கு எழுத்தில் கணக்கு இருக்கிறது; அதைப் பார்ப்போம்.

1798 மே மாத முடிவில் கட்டபொம்மன் கும்பினிக்குத் தர வேண்டிய திறைப் பாக்கி 3310 வராகன். செப்டம்பருக்குள் அதில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார். மீதி 1080 வராகன். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீர்ந்துபோன கடன் இது. இருந்தும் கலெக்டர் ஜாக்சன் நேரில் வரச் சொன்னார். குற்றாலம் போனால் அங்கே பேட்டி இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் அங்கேயும் இல்லை. 23 நாள், 400 மைல், நாளுக்குச் சராசரி 17 மைல் என்று பின்னாலேயே அலையவிட்டு, கடைசியில் இராமநாதபுரத்தில் மூன்று மணி நேரம் நிற்கவைத்துப் பேசினார். அங்கே மூண்ட கைகலப்பில் தளபதி கிளார்க் இறந்தார். விசாரணைக்குப் பிறகு சென்னை அரசே ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் பகை ஆறவில்லை. 1799 செப்டம்பரில் பானர்மேன் தலைமையில் கும்பினிப் படை வந்தது. அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. 1080 வராகனை வசூலிக்க இவ்வளவு பெரிய படையெடுப்பு தேவையில்லை. பாளையங்களிடம் திறை கேட்கும் உரிமை யாருக்கு என்பதுதான் வழக்கு.

இதே கிழக்கிந்தியக் கும்பினியும் லண்டன் அரசும், இதற்கு 25 ஆண்டு முன்பு, கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் குடியேறியவர்களிடமும் இப்படித்தான் கணக்குத் தவறின. 1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் சுமார் 7 கோடிப் பவுனிலிருந்து 13 கோடியை நெருங்கியிருந்தது. அமெரிக்காவில் 10,000 சிப்பாய்களை நிறுத்திவைக்க ஆகும் செலவில் ஒரு பகுதியைக் குடியேறியவர்களே தரட்டும் என்று லண்டன் நினைத்தது. 1765இல் முத்திரைத்தாள் வரி போட்டது. எதிர்ப்பு கிளம்பவே மறு ஆண்டே விலக்கிக்கொண்டது. குடியேற்றங்கள் 13. லண்டன் பாராளுமன்றத்தில் அவற்றுக்கு இருந்த இடம் 0. வரியின் அளவைவிட இந்தப் பூஜ்ஜியம்தான் அவர்களை உறுத்தியது.

தேயிலைக் கணக்கில் இது பளிச்சென்று தெரியும். 1773இல் கும்பினியின் கிடங்குகளில் சுமார் 1.7 கோடி ராத்தல் தேயிலை தேங்கிக் கிடந்தது. அதை விற்றுத் தீர்க்க, லண்டனில் கட்ட வேண்டிய தீர்வையைத் தள்ளுபடி செய்து, கும்பினியே நேராக அமெரிக்காவில் விற்கச் சட்டம் வந்தது. விலை இறங்கியது. ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே நின்றது. டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள், ஏறக்குறைய 92,000 ராத்தல், கடலுக்குள் போயின. கும்பினி சொன்ன நஷ்டம் 9659 பவுன். அந்தத் தேயிலைக்குக் கட்ட வேண்டியிருந்த வரியைப் பெருக்கிப் பாருங்கள்: 92,000 மூன்று பென்ஸ், பவுனுக்கு 240 பென்ஸ் வீதம் வெறும் 1150 பவுன். வரியைப் போல எட்டு மடங்கு மதிப்புள்ள சரக்கைக் குடியேறியவர்கள் அழித்தார்கள். மலிவான தேயிலையை வாங்கினால் அந்த மூன்று பென்ஸை விதிக்கும் அதிகாரத்தையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நஷ்ட ஈடு தரும்வரை என்று 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தை லண்டன் மூடியது. இரண்டே ஆண்டில், 1776 ஜூலை 4இல், சுதந்திரப் பிரகடனம்.

மறுபடி நம் கரைக்கு வருவோம். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஓட்டப்பிடாரம். அங்கே பிறந்த வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8000 பங்கு எடுத்தார். மொத்தத்தில் ஐந்தில் ஒன்று.

தூத்துக்குடி–கொழும்பு வழியில் அதுவரை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ராஜ்ஜியம். போட்டி வந்ததும் அது கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளைக்காரக் கம்பெனி இலவசம் என்றது, போதாததற்குக் குடையும் இனாம். சுதேசிக் கம்பெனியின் ‘காலியா’, ‘லாவோ’ கப்பல்கள் ஒவ்வொன்றிலும் 1300 சாதாரணப் பயணிகள் போகலாம். எட்டணா வீதம் கப்பல் நிறைந்தாலே ஒரு நடைக்கு 650 ரூபாய்தான். எதிராளி பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் அந்த 650உம் ஆடிப்போகும். வியாபாரத்தில் இந்த அடி விழத்தான் செய்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் கப்பல் தள்ளாடிய காலத்திலேயே சுதேசி இயக்கம் கரையேறி ஆலைக்குள் நுழைந்துவிட்டது. 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12இல் வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலியில் கடையடைப்பு, நகராட்சி அலுவலகத்துக்குத் தீ, துப்பாக்கிச் சூடு, 4 சாவு. ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை, 40 ஆண்டு. உயர்நீதிமன்றம் அதை 6 ஆண்டாகக் குறைத்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வந்தபோது அவருக்கென்று கப்பல் எதுவும் இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று ஓட்டப்பிடாரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலையையும் கோட்டையையும் காட்டியதோடு திரும்பிவிடாதீர்கள். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, 3310இலிருந்து 1080ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 92,000ஐ மூன்று பென்ஸாலும், 1300ஐ எட்டணாவாலும் பெருக்கச் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய தொகைக்கா இவ்வளவு பெரிய சண்டை என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.