ஆண்மை வேறு, கருவளம் வேறு

‘ஆண்மை’ என்னும் ஒரே சொல்லால் உடல் வலிமையையும் தந்தையாகும் ஆற்றலையும் சேர்த்தே குறிக்கிறோம். மருத்துவம் இவ்விரண்டையும் பிரித்துக் காண்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஒருவருக்கு அதனை ஊசியாகவோ களிம்பாகவோ அளிப்பதுண்டு. வலிமை கூடலாம், விந்தணு உற்பத்தியோ குன்றும். காரணம் என்ன? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரு ஹார்மோன்களால் விரைகளை இயக்குகிறது. குருதியில் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்ததும் அச்சுரப்பி அவ்விரண்டையும் குறைத்துவிடுகிறது. விந்தணு உருவாக விரைக்குள் குருதியிலுள்ளதைவிடப் பன்மடங்கு டெஸ்டோஸ்டிரோன் தேவை. விரை தானே சுரக்கவேண்டிய அவ்வளவை ஊசியால் ஈடுசெய்ய இயலாது.

இவ்விளைவைக் கருத்தடைக்குப் பயன்படுத்த இயலுமா என்று உலகச் சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. 1990இல் வெளிவந்த அவ்வாய்வில் 271 ஆடவர் வாரந்தோறும் 200 மில்லிகிராம் ஊசி பெற்றனர். ஆறு மாதங்களுக்குள் பாதிக்கும் மேற்பட்டோரின் விந்தில் அணுவே இல்லை. நிறுத்தியபின் பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் நிலை மீளும், சிலர்க்கு ஈராண்டாகும்.

நம் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது 1983இல். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம். சிங்கப்பூரில் 2023இல் மொத்தக் கருவள விகிதம் 0.97.

ஆதலின் குழந்தை விரும்புவோர் முதல் ஊசிக்கு முன்பே அவ்விருப்பத்தை மருத்துவரிடம் கூறவேண்டும். விரைகளைத் தூண்டும் மாற்று மருந்துகள் உள்ளன. கூறத் தயங்குவது நாணமன்று, இழப்பு.