மணப்பெண் மருதாணி

மணப்பெண் மருதாணி என்பது திருமணத்திற்கு முன்னர் மணமகளின் கைகளிலும் கால்களிலும் மருதாணிப் பசையால் வரையப்படும் கோலங்களைக் குறிக்கும். வட இந்தியாவில் இது மெகந்தி என அழைக்கப்படுகிறது. இராசத்தான் மாநிலத்தில் இக்கலை பெரிதும் வளர்ந்துள்ளது. திருமணம் மட்டுமன்றி தீச், கர்வா சௌத், ஈகைத் திருநாள் ஆகிய நாட்களிலும் மகளிர் மருதாணி இட்டுக்கொள்கின்றனர். எனினும் மணப்பெண்ணுக்கு வரையப்படும் கோலம், குறிப்பிட்ட இருவருக்கென்றே அமைக்கப்படுவதால் தனித்து நிற்கிறது.

பெயரும் முறையும்

மருதாணிக்கு மருதோன்றி, ஐவணம், அழவணம் ஆகிய பெயர்களும் தமிழில் உண்டு. தமிழகத்தின் பழைய முறையில் பச்சை இலையை அரைத்து, உள்ளங்கையின் நடுவே ஒரு வட்டமும் அதனைச் சுற்றிப் புள்ளிகளும் வைத்து, விரல் நுனிகளில் தொப்பி போல அப்புவர். அரைத்த இலையில் நாரும் திப்பியும் இருப்பதால் அதைக் கொண்டு மெல்லிய கோடு இழுக்க இயலாது. இலையை உலர்த்திப் பொடித்து, மெல்லிய துணியில் சலித்துக் குழைத்த பசையே கூம்பு வடிவத் தாளிலிருந்து நூல் போல வரும். நகரங்களில் கூம்பினால் வரைவதை மெகந்தி என்றும், இலையை அரைத்து இடுவதை மருதாணி என்றும் பிரித்துக் கூறுவதும் உண்டு. செடி ஒன்றே.

இராசத்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள சோசத், மருதாணி சாகுபடிக்குப் பெயர் பெற்றது. சோசத் மெகந்தி 2021 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

உருவங்களும் மறைபெயரும்

இராசத்தானியக் கோலத்தில் இரு கைகளும் ஒரே படமாகக் கருதப்படுகின்றன. ஒரு கையில் மணமகனும் மறு கையில் மணமகளும் வரையப்படுவர். கைகளைச் சேர்த்தால் இருவரும் எதிரெதிரே நிற்பர். மயில், யானை, பல்லக்கு, செனாய் ஆகியன சுற்றிலும் இடம்பெறும். அண்மைக்காலத்தில் மணமக்கள் சந்தித்த இடம், திருமண நாள், வளர்ப்பு நாய் ஆகியவற்றையும் வரையக் கேட்கின்றனர்.

மணமகனின் பெயரைக் கோலத்திற்குள் மறைத்து எழுதுவது பரவலான வழக்கம். எழுத்துகளைப் பிரித்து, ஒன்றை இலை நரம்பாகவும் மற்றொன்றைக் கொடியின் சுருளாகவும் அமைப்பர். மணமகன் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முன்பின் அதிகம் பேசிப் பழகாத இருவர் தயக்கமின்றிக் கைபிடித்துப் பேச இவ்விளையாட்டு வாய்ப்பளித்தது எனலாம்.

நிறம் பிடித்தல்

இலையில் உள்ள லாசோன் என்னும் நிறமி, தோலின் கெரட்டின் புரதத்துடன் பிணைகிறது. பசையை நீக்கியதும் செம்மஞ்சளாக இருக்கும் கறை, ஓரிரு நாட்களில் காற்றுப்பட்டுச் செம்பழுப்பாக முதிர்கிறது. இதனால் மருதாணி திருமணத்திற்கு ஓரிரு நாட்கள் முன்பே இடப்படுகிறது. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து தடவுவது, பசை உலர்ந்து உதிராமல் காப்பதற்காகும். நன்கு சிவந்தால் மாமியாரின் அன்பு மிகும் என்பது நம்பிக்கை. உண்மையில் மேல்தோல் தடித்த உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நிறம் ஆழ்ந்து பிடிக்கும், புறங்கையில் வெளிறும். மணமகனின் பெயர், உருவம் போன்ற முதன்மையான பகுதிகளை உள்ளங்கையில் அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் ஒன்று முதல் மூன்று வாரங்களில் கோலம் மறைகிறது.

பிற நாடுகளில்

துருக்கியில் மருதாணி இரவன்று மணப்பெண் கையை மூடிக்கொள்வாள். மாமியார் பொற்காசு தந்த பின்னரே விரிப்பாள். வளைகுடா நாடுகளின் கோலத்தில் பெரிய பூங்கொடிகளும், மொராக்கோவில் வடிவியல் கோடுகளும் மிகுதி. 16 அரபு நாடுகள் இணைந்து முன்மொழிந்த மருதாணி வழக்கங்கள், 2024 டிசம்பரில் யுனெசுக்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கருப்பு மருதாணி

மருதாணி இலை தோலில் கன்னங்கருப்பு நிறத்தைத் தருவதில்லை. ஒரு மணி நேரத்தில் கருமையாகும் எனக் கூறி விற்கப்படும் பசைகளில் பெரும்பாலும் பாரா-பினைலீன்டையமின் என்னும் முடிச்சாய வேதிப்பொருள் கலந்திருக்கும். இது தோலில் கொப்புளங்களை உண்டாக்கும். சில வேளைகளில் இட்ட கோலத்தின் வடிவிலேயே வடு நிலைத்துவிடும். ஒவ்வாமை ஒருமுறை தோன்றினால் வாழ்நாள் முழுவதும் தொடர்வதால், பின்னாளில் முடிச்சாயம் பூசுவதும் இடராகலாம். விளைவு பல நாட்கள் கழித்தும் வெளிப்படக்கூடும் என்பதால், கைகளின் ஓரத்தில் சிறிது இட்டு ஒரு நாள் பார்ப்பது போதிய சோதனை ஆகாது. பசையில் சேர்ந்த பொருட்களை விற்பவர் கூறாவிடில் அதைத் தவிர்ப்பதே நன்று.

தூய மருதாணியும் ஒரு சாராருக்குப் பொருந்தாது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இட்டால் லாசோன் உடலினுள் சென்று சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். எனவே பெயர் சூட்டு விழாக்களில் கைக்குழந்தைக்கு மருதாணி இடுவதை மருத்துவர்கள் ஏற்பதில்லை.